கதவை யார் சாத்துவது

மதுரை
4 ஜனவரி 2025

சேசுராஜ் அண்ணனுக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல.

மதினி போன் செய்து அழுதார்கள். பட்டாசு காயவைக்கும் மேடையில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நின்றீர்களாம். குதிகால் வெந்திருக்கிறது. சர்க்கரை வியாதியில் மரத்துப்போன கால் என்பதால் மூன்று நாள் உங்களுக்கே தெரியவில்லையாம். இப்போது சிவகாசி டாக்டர் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார் என்றார்கள். நீங்கள் தலையாட்டிவிட்டு எம்.புதுப்பட்டிக்குத் திரும்பி, நாள் குறிக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு அறுவை டாக்டர், சர்க்கரை டாக்டர் வைத்தியத்தோடு சேர்த்து இதையும் கொடுப்பதுண்டு. எல்லோருக்கும் பலிக்காது. உங்களுக்குப் பலிக்குமா என்று முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். வெட்டுவதற்கு முன் ஒருமுறை வந்து காட்டுங்கள். என் போனில் உங்கள் எண்ணை நான் தடுத்துவைத்திருக்கிறேன். அந்தத் தடையை எடுக்கப்போவதில்லை. அதனால்தான் இந்தத் தபால்.

ஜெனிட்டா


எம்.புதுப்பட்டி
8 ஜனவரி 2025

ஜெனிக்கு,

தபால் கிடைத்தது. போனில் கூப்பிடாதது நல்லதுதான். கூப்பிட்டிருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். இந்தக் காலத்தில் யார் எதை ரெக்கார்டு பண்ணுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். எதுவானாலும் எழுது. எழுத்தில் இருந்தால் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

கேட்கிறேன், தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. உன் வீட்டுக்காரர், சாலமன்ராஜ் மாப்பிள்ளையை அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்ட வாசலில் வைத்து, "நீ வெளங்க மாட்டே, உன் கை காலு அழுகிப் போகும்" என்று என்னைச் சொன்னவள் நீ. சொன்னபடியே காலும் அழுகிவிட்டது. இப்போது அதைக் காப்பாற்ற நீயே கூப்பிடுகிறாய். முன்பெல்லாம் 'நீ' என்றவள் இப்போது 'நீங்கள்' என்கிறாய். எனக்கு இது எதுவும் சரியாகப் படவில்லை.

அடுத்தது. இருபத்தாறு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமுக்குப் போர்மேன் நான். ஒரு வெடிக்கு என்ன வேண்டும்? எரிகிற சாமான் வேண்டும். அது விடாமல் எரிய ஆக்சிஜன் வேண்டும், அதற்குத்தான் வெடியுப்பைக் கலக்கிறோம். இரண்டையும் இறுக்கிப் பிடிக்க ஒரு கூடு வேண்டும். உன் ஆஸ்பத்திரியில் இரும்புக் கூடு இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது. மூன்றாவது சாமானாக என்னை உள்ளே வைக்கப்போகிறீர்கள். இதை வைத்தியம் என்றால் யாரிடம் போய்ச் சொல்ல.

கதவை யார் சாத்துவது? நீயா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

சேசுராஜ்


மதுரை
11 ஜனவரி 2025

சேசுராஜ் அண்ணனுக்கு,

ஆமாம், கதவைச் சாத்துவது நான்தான்.

உங்களைக் கொல்ல வேண்டும் என்றால் நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. எழுதாமல் இருந்தாலே போதும். அந்தப் புண் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதை யோசித்துப் பார்த்தீர்களா?

சந்தேகத்துக்கு வருகிறேன். நியாயமான சந்தேகம்தான், படித்த ஆட்களே இப்படிக் கேட்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பவை சிவப்பணுக்கள். அவை எப்போதுமே ஏறக்குறைய முழு லோடு ஏற்றித்தான் ஓடுகின்றன, அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. உங்கள் காலில் சிறு குழாய்கள் அடைத்துக்கிடப்பதால் அந்த லோடு குதிகால் வரை போய்ச் சேரவில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தைவிட இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்தால், அது ரத்தத்தின் நீரிலேயே கரைகிறது. கலர் பாட்டிலில் கேஸ் கரைந்திருக்கிறதே, அந்த மாதிரி. நீர் கசிகிற இடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்குத் தெம்பு வரும். வாரக்கணக்கில் செய்யும்போது புதிய நுண்குழாய்கள் வளரும். ஒரு நாளில் வளராது. அதனால்தான் முப்பது, நாற்பது தடவை.

இப்போது உங்கள் இரும்புக் கூடு. எங்கள் அறையில் ஆறு பேர் உட்காரலாம். அறைக்குள் அழுத்தி நிரப்புவது சாதாரணக் காற்றுதான். ஆக்சிஜன் மாஸ்க் வழியாக மட்டும் வரும், நீங்கள் விடும் மூச்சு வேறு குழாயில் வெளியே போய்விடும். அறைக் காற்றில் ஆக்சிஜன் கூடினால் மணி அடிக்கும். நோயாளிகளோடு எங்கள் ஆள் ஹரிஷ்குமார் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். போன மாதம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்தது. சாகிற ஆசை அவனுக்கு இல்லை.

பருத்தித் துணி நாங்களே தருவோம். நைலான் கூடாது. தலைக்கு எண்ணெய், பவுடர், தைலம், சென்ட் எதுவும் கூடாது. போன், கடிகாரம், சாவி, லைட்டர், தீப்பெட்டி எல்லாம் வெளியே. மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டுவோம். மருந்து ரூமுக்குள் போகுமுன் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுப்பீர்களே, அதே காரணம்தான், உடம்பில் சேர்ந்த மின்சாரம் பொறி தட்டாமல் தரைக்கு இறங்க.

தீப்பெட்டி என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் பீடியைத் தொட்டவர் இல்லை. அவர் சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது என்றார்கள். அவராலேதான் மருந்து அடைக்கிற செட்டு வெடித்தது, அவரோடு இன்னும் நாலு பேர் செத்தது என்று கம்பெனியில் எழுதினார்கள். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்து உங்களுடையது. போலீஸ் ஸ்டேஷனில் அந்தப் பெட்டியைக் காட்டினார்கள். சுவர் விழுந்து நசுங்கியிருந்தது, கருகவில்லை. உள்ளே இருந்த குச்சிகளில் ஒன்றுக்குக்கூடத் தலையில் மருந்து இல்லை. சூட்டில் போயிருக்கும் என்றார்கள். பெட்டி கருகாமல் குச்சித் தலை மட்டும் எப்படிக் கருகும் என்று கேட்டேன். "போம்மா, போயி ஆக வேண்டியதப் பாரு" என்றார்கள்.

நாலு வீட்டுக்காரர்களும் என் முகத்தில் முழிக்காமல் போனார்கள். பிரின்சியைப் பள்ளிக்கூடத்தில் தீப்பெட்டிக்காரன் மகள் என்றார்கள். அதனால்தான் ஊரைவிட்டு வந்தேன். இதற்கு உங்களிடம் பதில் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. காலைக் காட்ட வாருங்கள்.

ஜெனிட்டா


எம்.புதுப்பட்டி
16 ஜனவரி 2025

ஜெனிக்கு,

பொங்கலுக்கு மறுநாள் கட்டைப் பிரித்தபோது வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். உன் மதினி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். சனிக்கிழமை வருகிறேன்.

மற்றதைப் பற்றி இப்போது எழுத ஒன்றுமில்லை.

நான் வருவதால் உன்னையோ உன் ஆஸ்பத்திரியையோ நம்பிவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொன்றையும் பார்ப்பேன். கண்ணில் பட்டதைக் கேட்பேன். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன்.

சேசுராஜ்


மதுரை, ஆண்கள் வார்டு
22 ஜனவரி 2025

ஜெனிக்கு,

ஒரே கட்டிடத்தில் இருந்துகொண்டு காகிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீதான் "சிகிச்சைக்கு வேண்டியது மட்டும் பேசுங்க" என்று சொல்லிவிட்டாயே. ஹரிஷ்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பிரித்துப் படித்தாலும் படிப்பான்.

மூன்று நாள் உள்ளே போய் வந்துவிட்டேன். முதல் நாள் காலில் வில்லை ஒட்டி, மாஸ்க் போட்டு, ஒரு மிஷினில் ஆக்சிஜன் நம்பர் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறியது என்றார் டாக்டர். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தது எல்லாம் சரி. தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டு, விரலில் குத்தி சர்க்கரை பார்த்துத்தான் விடுகிறார்கள். ஏன் என்று ஹரிஷைக் கேட்டேன். உள்ளே சர்க்கரை இறங்கும், மயங்கி விழுந்துவிடக் கூடாது என்றான். டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

கதவு சாத்தியதும் உஸ்ஸென்று காற்று ஏறுகிறது. உடம்பு புழுங்குகிறது. காது, கிணற்றுக்குள் ஆழமாக முங்கினால் அடைக்குமே, அப்படி அடைத்தது. "எச்சில முழுங்குங்கய்யா, மூக்கப் பிடிச்சு மெல்ல ஊதுங்க, வலிச்சா கையத் தூக்குங்க" என்றான் ஹரிஷ். நான் வலித்தும் கையைத் தூக்கவில்லை. நீ உடனே நிறுத்துகிறாயா என்று பார்க்கத்தான். நான் தூக்காமலே நிறுத்திவிட்டாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். எதற்கு அப்படிப் பார்க்கிறாய்?

அப்புறம் ஒன்றரை மணி நேரம் மாஸ்க்கோடு சும்மா உட்கார வேண்டியதுதான். நடுநடுவே ஐந்து நிமிஷம் கழற்றச் சொல்கிறார்கள். தொடர்ந்து இழுத்தால் ஆக்சிஜனே சிலருக்கு வலிப்பைக் கொண்டுவந்துவிடும், அதற்காக இந்த இடைவெளி என்று மைக்கில் சொன்னாய். இதை ஏன் முதல் கடிதத்தில் எழுதவில்லை? எழுதினால் வரமாட்டேன் என்றுதானே? இறங்கும்போது குளிர்கிறது, காது தானாகத் திறக்கிறது. வலி ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர் இருபது நாளாக வருகிறார், தூரத்துப் போர்டு மங்கலாகத் தெரிகிறது என்றார். சில வாரத்தில் சரியாகிவிடுமாம். அதையும் நீ எழுதவில்லை.

இன்னொன்று. வாசலில் எங்கள் உடம்பைத் தடவிப் பார்க்கிறான் ஹரிஷ். சிரித்துப் பேசிக்கொண்டே பார்க்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டில் நிற்கிறவன் சிரிக்கக் கூடாது.

சேசுராஜ்


மதுரை
31 ஜனவரி 2025

சேசுராஜ் அண்ணனுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

இன்று காலை ஹரிஷ் உங்களைத் தடவிப் பார்த்து உள்ளே விட்டுவிட்டான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியபோது கணுக்கால் கட்டு ஒரு பக்கம் புடைத்திருப்பது என் கண்ணில் பட்டது. கதவைச் சாத்தாமல் வந்து பிரித்தேன். கட்டுக்குள் தீப்பெட்டி. உள்ளே உங்களையும் சேர்த்து ஐந்து நோயாளிகள். ஒரு அம்மாவுக்கு எழுபது வயது. ஹரிஷ் சுவரில் சாய்ந்து அழுதான். நீங்கள் மட்டும் ஒன்றுமே நடக்காதவர் மாதிரி, "பாத்தியா, விட்டுட்டான்லா" என்றீர்கள்.

டாக்டர் உங்கள் சிகிச்சையை நிறுத்திவிட்டார். போலீசுக்குச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தற்கொலை செய்ய வந்த ஆளா, ஆஸ்பத்திரியை எரிக்க வந்த ஆளா என்று என்னைக் கேட்கிறார்கள். நீங்கள் எனக்கு அண்ணன் என்று அவர்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தேன். பதினெட்டுக் குச்சி. ஒன்றுக்குக்கூடத் தலையில் மருந்து இல்லை. பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறது.

இந்த மாதிரிப் பெட்டியை நான் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பார்க்கிறேன். முதல் பெட்டியை அவருக்குக் கொடுத்தது யார்?

உங்களுக்கு எழுத்தில்தானே வேண்டும். நானும் எழுத்தில்தான் கேட்கிறேன்.

ஜெனிட்டா


மதுரை, ஆண்கள் வார்டு
1 பிப்ரவரி 2025

ஜெனி,

நான்தான் கொடுத்தேன்.

கேட்டில் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க போர்மேன்கள் இப்படிச் செய்வதுண்டு. தலை சுரண்டிய குச்சிகளைப் போட்ட பெட்டியை ஒரு ஆளிடம் கொடுத்து உள்ளே அனுப்புவோம். கேட் காவல்காரன் பிடித்தால் அவனுக்குப் பாராட்டு, விட்டால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவோம். குச்சியில் மருந்து இல்லாததால் ஆபத்து இல்லை. நேற்று ஹரிஷுக்குச் செய்ததும் இதுதான். சத்தியமாக வேறு நினைப்பு இல்லை. ஆஸ்பத்திரிக்கு நம்ம பழக்கம் புரியாது என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

செட்டு வெடித்த அன்று கேட்டில் சோதனை போட நின்ற ஆண்டிச்சாமி வேலைக்குப் புதுசு. என்னிடம் பெட்டி இருந்தால் உஷாராகிவிடுவான், மாப்பிள்ளை என்றால் சந்தேகப்பட மாட்டான் என்று நினைத்தேன். "எதுக்கு மச்சான் இந்த வெளையாட்டு" என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். நான்தான் சட்டைப் பையில் திணித்தேன். ஆண்டிச்சாமி விட்டுவிட்டான். டீ நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் லோடு விஷயமாக மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். ஆபீஸ் வாசலில் நிற்கும்போது சத்தம் கேட்டது.

செட்டு எதனால் வெடித்தது என்றும் எனக்குத் தெரியும். முந்தின நாள் கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது. ஆர்டர் அவசரம், காலையில் முதல் வேலையாக அடைத்துவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். நான் சரி என்றேன். ராத்திரி ஈரத்தில் அது தானாகச் சூடேறியிருக்கும். தீப்பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

தாளை மேனேஜர் எழுதிக்கொண்டு வந்தார். "செத்தவனுக்கு இனிமே என்ன கேடு, இருக்கிறவுக பொழைக்கணும்லா" என்றார். நான் போட்டுவிட்டேன். மேனேஜர் மேல் பழிபோடவில்லை. அவர் பேனாவைத்தான் நீட்டினார், கையெழுத்து என்னுடையது.

என்னை மறுபடி உள்ளே விடச் சொல்லி இதை எழுதவில்லை. கீழே முழுப் பெயரும் தேதியும் போட்டிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் கொடு.

அ. சேசுராஜ்


மதுரை
4 பிப்ரவரி 2025

சேசுராஜ் அண்ணனுக்கு,

மூன்று நாள் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன்.

அவரைச் சுமந்துகொண்டு போனபோது நான் உங்களைச் சபித்தது கோபத்தில். சும்மா ஒரு கையெழுத்துத்தான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன். இவ்வளவு இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஜனவரியில் முதல் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்கிறேன். பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

நீங்கள் எழுதியதைக் கால் போய்விடும் என்ற பயத்தில் எழுதினீர்களா, உள்ளபடியே மனசு குத்தி எழுதினீர்களா? எனக்குத் தெரியவில்லை. கேட்டு என்ன பிரயோஜனம், நீங்கள் என்ன சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை.

போலீஸ் வேண்டாம் என்று டாக்டர் விட்டுவிட்டார். உங்களை மறுபடி உள்ளே எடுக்கலாமா என்பதை மட்டும் என் பொறுப்பில் விட்டார். அறைக்குப் பொறுப்பானவள் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்து தடவை முடிந்திருக்கிறது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகச் சதை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. இரண்டு விரல் கறுத்துவிட்டது, அதை அறுவை டாக்டர் எடுப்பார். இப்போது நிறுத்தினால் மிச்சமும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான் என் கஷ்டம். தெரியாதவளாக இருந்தால் முடியாது என்று எழுதியிருப்பேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை எட்டு மணிக்கு வாருங்கள். இன்னும் முப்பது நாள். தினமும் கட்டை நானே பிரித்துப் பார்த்து நானே கட்டுவேன். வாயைத் திறக்கச் சொல்லியும் பார்ப்பேன். ஹரிஷிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இது மன்னிப்பு என்று மதினியிடம் போய்ச் சொல்லாதீர்கள். மன்னிக்கவில்லை. உங்கள் கடிதம் என் பீரோவில் இருக்கிறது. நான் அதை எங்கேயும் கொண்டுபோகப் போவதில்லை. நான் கொண்டுபோனால் புருஷனுக்காகப் பொண்டாட்டி சோடித்தது என்பார்கள். சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்வீர்களா என்று கேட்க மாட்டேன்.

ஜெனிட்டா


எம்.புதுப்பட்டி
3 ஏப்ரல் 2025

ஜெனிக்கு,

குதிகால் மூடிவிட்டது. இரண்டு விரல் இல்லாமல் நடப்பது செருப்புக்குத்தான் கஷ்டம். கண் மங்கல் போய்விட்டது. சர்க்கரை மாத்திரையை உன் மதினி எண்ணிக் கொடுக்கிறாள்.

போன வாரம் திங்கள்கிழமை விருதுநகர் போனேன். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். இந்த ரூமுக்குப் போ, அந்த ரூமுக்குப் போ என்று நாலு இடம் அனுப்பினார்கள். கடைசியில் ஒரு அதிகாரி உட்காரவைத்துக் கேட்டார். "இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்றார். 'பதில் கூறவில்லை' என்று எழுதி அதற்குக் கீழே கையெழுத்து வாங்கினார். வழக்கு மறுபடி எடுப்பார்களா, என்னை உள்ளே தள்ளுவார்களா என்று எதுவும் சொல்லவில்லை. கம்பெனியில் நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நேற்று நாலு வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை. இன்னொரு வீட்டில் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர், "எந்திரிச்சுப் போயிருங்க போர்மேன், கை நீட்டிருவேன்" என்றார். எழுந்து வந்தேன்.

கடைசியாக மாரிச்செல்வி வீடு. அவள் புருஷன் பாண்டிமுருகன் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவன். எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஜெனிட்டாப் பிள்ள தண்ணி எடுக்க வந்தப்ப கொடத்தத் தட்டிவிட்டேனேய்யா. மேலெல்லாம் நனைஞ்சு நின்னா. ஒரு பேச்சுப் பேசல" என்றாள். இதை நீ யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

வருஷா வருஷம் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி இங்கே நினைவஞ்சலிப் போஸ்டர் ஒட்டுகிறார்கள். நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஆரம்பித்தது, பார்த்திருக்க மாட்டாய். நாலு பேர் படம் மட்டும் இருக்கும். பஸ் ஸ்டாப் சுவரில் அதைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன். இந்த வருஷப் போஸ்டரை சிவகாசியில் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்களாம். மாரிச்செல்வி நேற்றே பிரஸ்சுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னாள். திறக்காத வீட்டில் அவளே போய்ப் பேசிக்கொள்கிறாளாம்.

அஞ்சு பேர் படமாகப் போட வேண்டும் என்கிறாள். மாப்பிள்ளை படம் ஊரில் யாரிடமும் இல்லை. பத்தாம் தேதிக்குள் ஒன்று அனுப்பு. எனக்கு வேண்டாம், நேரே அவள் விலாசத்துக்கே அனுப்பு. பாஸ்போர்ட் சைஸ் போதும், பிரஸ்ஸில் பெரிதாக்கிக்கொள்வார்கள். சிரித்த முகமாக இருந்தால் நல்லது என்று சொல்லச் சொன்னாள்.

சேசுராஜ்